108-ஐ வாட்ஸப்பில் தேடியவன்

சிங்கவரத்தில் யாராவது புதிதாக ஆண்ட்ராய்டு போன் வாங்கினால், அதன்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிப்பதற்கு முன்பே அந்த வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால்தான் போவேன் என்ற மானமெல்லாம் எனக்குக் கிடையாது. வாட்ஸப் ஏற்றிக் கொடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண்ணைப் பதிந்து, "இனிமே காசு போவுதேன்னு பயப்படாம பேசலாம்" என்று ஆசி வழங்கி, அவர்கள் தரும் காபியைக் குடித்துவிட்டு வருவேன். ஊரில் எனக்கு 'நெட்டுக்காரர்' என்றே பெயர். கூட்டுறவுத் துறையில் காலமெல்லாம் கணக்கெழுதியபோது கிடைக்காத மரியாதை, ஓய்வு பெற்ற பிறகு இந்த ஒரு வேலையில் கிடைத்தது. அந்த மரியாதையை நானே எப்படிக் கெடுத்துக்கொண்டேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மாமியார் சொல்லிக்கொண்டிருக்கும் கதைதான் ஊரில் நிலைக்கும்.

என் உற்சாகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கடுப்பு இருந்தது. தம்பி தொண்ணூறுகளில் துபாய்க்கு வேலைக்குப் போனான். அவனோடு பேச வேண்டுமானால் செஞ்சி பஸ் ஸ்டாண்ட் எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போக வேண்டும். உள்நாட்டில் பேசுகிறவர்கள் கால் கட்டணத்துக்காக இரவு 11 மணி ஆகட்டும் என்று பூத் வாசலில் குந்தியிருப்பார்கள். துபாய் என்றால் நிமிஷத்துக்குப் பத்துப் பத்தாக ரூபாய் கரையும். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்ததும் அம்மா அழ ஆரம்பிப்பாள். பின்னால் நிற்கும் நைனா, "அழறத வீட்ல போயி அழுதுக்கலாம், மீட்டர் ஓடுது பாரு" என்பார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு "சாப்டியாப்பா" என்று கேட்டு முடிப்பதற்குள் ரிசீவரை வாங்கி வைத்துவிடுவார். வரும் வழியெல்லாம் அந்த ரசீதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தெடுத்துப் பார்ப்பார்.

2002 ஏப்ரல் 1 முதல் இணையம் வழியாகப் பேச இந்தியாவில் அரசு அனுமதித்தது. அதிலும் அப்போது ஒரு வேடிக்கை. இங்கே இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்காவில் இருக்கிற சாதாரண போனுக்குப் பேசலாம். செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு திண்டிவனத்து போனுக்குப் பேசக் கூடாது. அடுத்த வருஷம் ஸ்கைப் வந்தது. பிரவுசிங் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'கேக்குதா, கேக்குதா' என்று கத்தியதிலேயே பாதி நேரம் போனாலும், மீதி நேரத்தில் அம்மா தாராளமாக அழுதாள். 2015-ல் வாட்ஸப்பில் குரல் அழைப்பு, 2016 கடைசியில் வீடியோ. அதே வருஷம் செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து, டேட்டா விலை தரைக்கு இறங்கியது. நான் முழுநேரப் பிரசாரகன் ஆனேன். 2025 மே மாதம் ஸ்கைப்பை மூடியபோது எங்கள் தெருவில் துக்கம் கொண்டாடியவன் நான் ஒருவன்தான்; மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

பிரசாரகன் முதலில் தன் வீட்டில் செய்து காட்ட வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் நைனா காலத்திலிருந்து 04145 என்று தொடங்கும் தரைவழி போன் ஒன்று இருந்தது. 2021 ஜனவரி 15 முதல், தரைவழி போனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பூஜ்யத்தையே சாக்காக வைத்துக்கொண்டு, "இதுக்கு மாச வாடகை வேற தண்டம்" என்று சொல்லி, கருவியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். பதிலுக்குக் கூடத்து மூலையில் பச்சை விளக்கு சிமிட்டும் ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது, ஃபைபர் நெட். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் தம்பி மகளுக்குக் கல்யாணம். தம்பி துபாயில் இருப்பதால் பொறுப்பெல்லாம் என் தலையில். பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். 'தொடர்புக்கு' என்ற இடத்தில் ஒரு கௌரவத்துக்காக வீட்டுத் தரைவழி எண்ணைப் போடச் சொன்னவனும் நான். பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, ஆரணி வரைக்கும் கொடுத்து முடித்த பிறகு போனை ஒப்படைத்தவனும் நானேதான். ஆரணியில் இருக்கும் எங்கள் மாமா தரைவழி போனைத் தவிர வேறெதையும் நம்பாதவர். எந்த மண்டபம் என்று கேட்கப் பத்திரிகையில் இருந்த எண்ணுக்குப் போட்டிருக்கிறார். அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லியிருக்கிறது. மாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "நம்பரே இல்லன்னு சொல்றாங்க. கல்யாணம் நின்னு போச்சி போல, பாவம், வெளிய சொல்ல வெக்கப்படறாங்க." அதோடு நிற்காமல், ஆறுதலுக்கு யாரும் நேரில் போய் நிற்க வேண்டாம், அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று பக்கத்து உறவுக்காரர்களையும் தடுத்துவிட்டார். ஆரணிப் பந்தி காலியாகவே கிடந்தது. மீந்த சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "வாடகை மிச்சம்" என்றாள் மனைவி.

அடுத்து துபாய்க் கதை. ஃபைபர் வந்த உற்சாகத்தில், அதுவரை செய்திகளும் படங்களும் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த தம்பியை வாட்ஸப்பில் நேராகக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுத்தான். "டேய், எப்பிட்றா இருக்க" என்றேன். சத்தமே இல்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கிறான், வாயைத் திறக்கவில்லை. அப்போது வீட்டில் பாகப் பிரிவினைப் பேச்சு லேசாக அடிபட்டுக்கொண்டிருந்தது. சரி, கிணற்றுமேட்டு நிலத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் மௌனம் சாதிக்கிறான் என்று நானே முடிவு கட்டினேன். 'நைனா இருந்திருந்தால் இப்படி நடந்துகொள்வாயா' என்று உருக்கமாக ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது: "அண்ணே, இன்னாண்ணே ஆச்சி உனக்கு? இங்க வாட்ஸப் கால்லாம் போவாது. நாடு பூராவும் அப்பிடித்தான்."

அப்படித்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸப் செய்தி போகும், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் போகாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச முடியும். இது ஊரறிந்த விஷயம், நான்தான் அறியவில்லை. என் அறியாமை என் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துபாய், ஷார்ஜாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலெல்லாம் நான்தானே ஏற்றிக் கொடுத்தேன்? கீழ்த்தெருவில் ஓர் ஆயா, "எம்மவன் எடுக்கறான்பா, பேச மாட்டங்கறான். மருமவ சொல்லிக் கொடுத்திருப்பா" என்று என்னிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அங்கே போய் உண்மையைச் சொல்லி, போட்டிம் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் காபி வரவில்லை.

பேசியும் கெடுத்தது ஒன்று உண்டு. டொராண்டோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா கூப்பிட்டாள். அன்றைக்கு லைன் சரியில்லை. நான் சொல்வது அவளுக்குப் போய்ச் சேர நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் முதலில், "பையனுக்கு வேலை கெடைச்சிருக்கு" என்றாள். நான் உடனே, "ரொம்ப சந்தோஷம்க்கா! எதிர்பார்த்ததுதானே!" என்றேன். அது கடலைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த சேதியை ஆரம்பித்துவிட்டாள்: "மாமனாரு நேத்து தவறிட்டாருடா." அவள் அதைச் சொல்லி முடித்த இடத்தில் என் சந்தோஷம் போய் இறங்கியிருக்கிறது. நான் பதறிப்போய், "ஐயோ, அதச் சொல்லலக்கா, பையனத்தான் சொன்னேன்" என்றேன். அது, "நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு போயிட்டாரு, பையன் ஒடைஞ்சி போயிட்டான்" என்பதன் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அக்கா எதுவும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று கொஞ்ச நேரம் எனக்கு ஓர் ஆசை இருந்தது. இல்லை, லைன் நன்றாகவே இருந்தது.

வெட்கத்தில் உட்கார்ந்து, இது ஏன் இப்படி ஆகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். நெட்டில் நம் குரல் கோர்வையாகப் போவதில்லை. பொதுவாக விநாடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தனிப் பொட்டலமாக அனுப்புகிறார்கள். கல்யாண வீட்டாரை ஒரே பஸ்ஸில் ஏற்றாமல், கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏறி வந்து சேருங்கள் என்று விடுவது மாதிரி. முன்னே பின்னே வருகிறவர்களை வரிசைப்படுத்த மறுமுனையில் கொஞ்சம் காத்திருப்பார்கள்; தாலி கட்டி முடித்த பிறகு வந்தவர்களை உள்ளேயே விடுவதில்லை. காத்திருக்கும் நேரம்தான் தாமதம், விடுபட்டவர்கள்தான் கரகரப்பு. பழைய போனில் அப்படியில்லை. பேசி முடிக்கும் வரை முழு வழியும் நமக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்குத்தான் நைனா காசு கொடுத்தார். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் போய்விட்டால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கண்ணாடி இழைக்குள் ஒளியே விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். டொராண்டோவுக்குக் கேபிள் வழி 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதிலேயே 75 மில்லி விநாடி தீர்ந்துவிடுகிறது. மிச்சத்தை வீட்டு வைஃபையும் நடுவழி நெரிசலும் தின்றுவிடும். இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கமாக எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை.

சிகாகோவில் இருக்கும் மகளுக்கு எங்கள் பெருமாளின் பெருமையைச் சொல்லப் போய்ப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் எங்கள் ஊர். குன்றின்மேல் பாறையைக் குடைந்து அதிலேயே சயனித்திருக்கும் ரங்கநாதர், பல்லவர் காலத்துக் குடைவரை. தேசிங்கு ராஜா போருக்குப் போகும் முன் இவரிடம் உத்தரவு கேட்டார், பெருமாள் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதையும் மீறிப் போய் 1714-ல் ஆற்காட்டு நவாப் படையிடம் மாண்டார் என்பது ஊர்க்கதை. வீடியோ காலைப் போட்டுக்கொண்டு படியேறினேன். மேலே போய் நின்று, மூச்சு வாங்க வாங்க, பல்லவரில் ஆரம்பித்து தேசிங்கு குதிரை வரைக்கும் முழுசாகச் சொன்னேன். மகள் அசையாமல், இமைகூடக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வரலாற்றில் ஆர்வமில்லை என்று யார் சொன்னது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கி வந்த பிறகு அவளிடமிருந்து செய்தி வந்தது: 'அப்பா, நீங்க செருப்பக் கழட்டும்போதே கட் ஆயிடுச்சி.' என் சொற்பொழிவு முழுவதையும் கேட்டவர் பூ விற்கிற அம்மா ஒருத்திதான். அதுவும் அவளுக்குத் தெரிந்த கதை.

2024 ஜூலையில் செல்போன் ரீசார்ஜ் கட்டணங்கள் ஏறின. எனக்குள் ஒரு கணக்கு உதித்தது. வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் வைஃபை, நான் வெளியே போவது அபூர்வம், பேசுவதெல்லாம் வாட்ஸப்பில். அப்புறம் சிம்முக்கு எதற்குக் காசு? ரீசார்ஜை நிறுத்தினேன். வாட்ஸப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் சாமர்த்தியத்தைத் திண்ணை திண்ணையாகப் போய்ச் சொன்னேன், நல்லவேளை யாரும் பின்பற்றவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. டெலிவரி கோடு கேட்டார்கள். அது குறுஞ்செய்தியாக வர வேண்டியது, வரவில்லை. பேங்க்கில் ஓடிபி கேட்டது, அதுவும் வரவில்லை. செல்லுபடிக் காலம் முடிந்து கொஞ்ச நாளில் உள்ளே வருவதும் நின்றுவிடும் என்பதும், 90 நாள் உபயோகமில்லாமல் கிடந்தால் எண்ணையே முடக்கிவிடலாம் என்பதும் எனக்குத் தெரியாது. வங்கி, ஆதார், கேஸ், ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் தொங்குகின்றன. கேஸ்காரப் பையன், "பெரியவரே, நெட்டுக்காரருன்னு சொன்னாங்க?" என்றான். நாளைக்கு ரீசார்ஜ் போட்டுவிடலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன். புயல் முந்திக்கொண்டது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டுப் போயிருந்தால் தேவலை; மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். எங்கள் பக்கமும் விடாத மழை. கரண்ட் போனதும் எனக்குப் பயமில்லை, பெருமிதம்தான். இன்வெர்ட்டர் இருக்கிறதே! விளக்கு எரிந்தது. ஃபேன், அந்தக் குளிரில் யாருக்கும் வேண்டாத ஃபேன், ஓடியது. சாமி அறையில் சீரியல் பல்பு ஜிகினாவாக மின்னியது. வெள்ளைப் பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு இல்லை. எந்தெந்த பாயிண்டை இன்வெர்ட்டரில் சேர்ப்பது என்று எலக்ட்ரீஷியனுக்குப் பக்கத்தில் நின்று உத்தரவு போட்டவன் நான். சீரியல் பல்பைச் சேர்த்தவன் மோடத்தை விட்டுவிட்டேன்.

நைனாவின் பழைய போனுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. செப்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். அங்கே பேட்டரி வரிசையும் ஜெனரேட்டரும் உண்டு. ஊரே இருண்டாலும் ரிசீவரை எடுத்தால் 'கொய்ங்' என்று கேட்கும். கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. நம் வீட்டுப் பெட்டிக்கு நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் வழியில் இருக்கிற பெட்டிகளுக்கும் கரண்ட் இருந்தால்தான் உண்டு. ஃபைபரோடு கொடுக்கிற 'லேண்ட்லைன்' எண்ணும் இதே பெட்டி வழியாகப் போகிற நெட் பேச்சுதான். பெயர்தான் பழையது.

நடு ராத்திரியில் மாமியாருக்கு மூச்சிரைக்க ஆரம்பித்தது. மருந்து உறிஞ்சும் பம்பு தீர்ந்திருந்தது. 108-ஐக் கூப்பிட வேண்டும். நான் போனை எடுத்து என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம், பச்சை செயலியைத் திறந்து, மேலே தேடும் இடத்தில் 1, 0, 8 என்று தட்டினேன். அப்படி யாரும் இல்லை என்றது. மறுபடி தட்டினேன். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற ஆம்புலன்ஸ் வண்டியை, எனக்குக் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் பட்டியலில் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி போனைப் பிடுங்கி நேராக டயல் செய்யப் போனாள். நான் தடுத்தேன். "அதுல ரீசார்ஜ் இல்ல, போவாது" என்றேன். அதுவும் தப்பு. வெளியழைப்பு நிறுத்தப்பட்ட சிம்மிலிருந்தும் அவசர எண்ணான 112-க்குப் போகும், போக விட வேண்டும் என்பதுதான் விதி. சொந்த டவர் கிடைக்காவிட்டால் பக்கத்தில் கிடைக்கிற வேறு டவரைப் பிடித்தாவது போன் அந்த எண்ணுக்குப் போகப் பார்க்கும். இதையெல்லாம் நான் படித்தது ஒரு வாரம் கழித்து.

காப்பாற்றியது பக்கத்து வீட்டு ஆயாவின் பட்டன் போன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய போன். முன்னால் டார்ச் எரியும். நான் வாட்ஸப் ஏற்ற முடியாது என்று கைவிட்ட ஒரே போன் அது. ஆயா இரண்டு தெரு தள்ளியிருக்கும் செவிலியரம்மாவுக்குப் போட்டது, உடனே கிடைத்தது. அந்த அம்மா முழங்கால் தண்ணீரில் வந்து, பம்பு கொடுத்து, மாமியாரை நிமிர்த்தி உட்கார வைத்து, மூச்சு சீராகும்வரை இருந்துவிட்டுப் போனார். விடிந்ததும் மாமியார் காபி குடித்துக்கொண்டே வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்ல ஆரம்பித்தாள்: "எனக்கு உசிரு போவுது, மாப்ள போனத் தேச்சிக்கினே கீறாரு."

மறுநாளும் நெட் இல்லை. பிற்பகலில் மொபைல் டவர்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த ஏரி உடைந்துவிட்டது, இந்தப் பாலம் போய்விட்டது என்று தெருமுனையில் ஆளுக்கொரு சேதி. எங்கள் வட்டாரத்துக்கு இது புதிதில்லை. 1690-லிருந்து 1698 வரை மொகலாயர் செஞ்சியை முற்றுகையிட்டிருந்தபோது, நடுவில் மராட்டியக் குதிரைப்படை புகுந்து அவுரங்கசீப் பாசறையிலிருந்து வரும் தபாலைத் துண்டித்துவிட்டது. பாதுஷா இறந்துவிட்டார் என்று முகாமில் புரளி. முற்றுகை போட வந்த இளவரசர் காம்பக்ஷ் கோட்டைக்குள் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமுடன் ரகசியப் பேச்சு ஆரம்பித்து, கடைசியில் தம் தளபதிகளிடமே காவலில் மாட்டினார். பாதுஷாவோ 1707 வரை உயிரோடிருந்தார். பக்கத்துத் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததாகப் பாறையில் எழுதியிருக்கிறது. எனக்கு நெட் இல்லாமல் ஒரு பகல் தாங்கவில்லை. அணைந்த பெட்டியைப் போய்ப் போய்த் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நெட் பேச்சு மலிவானதால் லாபம் நமக்கு மட்டுமில்லை, திருடர்களுக்கும்தான். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்திய எண் மாதிரி காட்டிக் கூப்பிடுகிறார்கள். 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை இதைத் தடுக்க ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகளைப் பிடித்தது. வாட்ஸப் வீடியோவில் வருகிறவர்கள் வேறு ரகம். எனக்கும் ஒருவர் போலீஸ் சட்டையில் வந்தார். யாராவது வீடியோவில் கூப்பிட்டாலே எனக்குச் சந்தோஷம். படம் தெளிவாக இருக்கிறதா, எந்த ஊர், அங்கே என்ன நெட் என்று விசாரித்து, வெளிச்சத்துக்கு எதிராக உட்காராதீர்கள், முகம் தெரியவில்லை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். என்னைக் கைது செய்ய வந்தவர் பாதியில் வைத்துவிட்டார். நீங்கள் இந்த வழியைப் பின்பற்ற வேண்டாம். பேசாமல் துண்டித்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள்.

இத்தனை பட்ட பிறகும் நெட் போனை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய போன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரலைக் கடத்தும். இன்றைய நெட் பேச்சு 7,000 வரைக்கும் சாதாரணமாகக் கொண்டுபோகிறது. காது மந்தமான மாமியாருக்குப் பேத்தி 'ச' சொல்கிறாளா 'ப' சொல்கிறாளா என்று இப்போதுதான் பிரித்துத் தெரிகிறது. எங்கள் பின்கட்டு பாறை மறைப்பில் இருப்பதால் அங்கே டவர் எட்டாது. வைஃபை காலிங்கை முடுக்கிய பிறகு சாதாரண எண்ணிலேயே அங்கிருந்து பேச முடிகிறது. மேற்குத்தெருவில் வாய் பேசாத, காது கேளாத பையன் ஒருவன் இருக்கிறான். சென்னையில் இருக்கும் சிநேகிதனோடு வீடியோவில் கை ஜாடையிலேயே மணிக்கணக்கில் சிரித்துப் பேசுகிறான். செப்புக் கம்பி அவனுக்கு ஒன்றும் செய்ததில்லை. என் மனைவி, சிகாகோ மகளை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல்கூட இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். அந்த மௌனத்துக்கு நைனா காலத்தில் என்ன பில் வந்திருக்கும் என்று நான் சில சமயம் மனக்கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

நெட் போனே வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 4ஜி சிம்மில் சாதாரணமாகப் பேசுவதும் இப்போது பொட்டலம் பொட்டலமாகத்தான் போகிறது. வித்தியாசம் என்னவென்றால், சிம் வழிப் பேச்சுக்கு நிறுவனம் தன் டவரில் முன்னுரிமை கொடுக்கிறது, அவசர எண்ணுக்கு இணைத்துவிடுகிறது. செயலி வழிப் பேச்சுக்கு இரண்டும் கிடையாது; மற்றவர்கள் சினிமா பார்க்கிற நெரிசலிலேயே அதுவும் முண்டிக்கொண்டு போக வேண்டும். உறவுக்காரர்களோடு நேரம் போவது தெரியாமல் பேச அதைப் போல ஒன்று கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு ஒருவரை எழுப்பி வரவழைக்க அதை நம்பக் கூடாது.

ஆகவே, வயசானவர்கள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். ரீசார்ஜ் போட்ட பட்டன் போன் ஒன்றை எப்போதும் சார்ஜில் வையுங்கள். 112, 108, பக்கத்துச் செவிலியர் எண் மூன்றையும் சுவரில் பெரிசாக எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகையில் போட்ட எண்ணைக் கல்யாணம் முடிகிற வரைக்குமாவது உயிரோடு வைத்திருங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மோடத்தின் பிளக்கை இன்வெர்ட்டர் பாயிண்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னைக் கூப்பிடாதீர்கள்.